அத்தியாயம் 6: அடிப்பதற்கு முன் எழுதுங்கள்

இந்த அத்தியாயத்துக்கு வேண்டியவை ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, சில வாரப் பொறுமை. பிள்ளை முடியைப் பிடித்து இழுக்கிறது, தன் கையையே கடிக்கிறது, செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் தரையில் புரண்டு அழுகிறது, சோற்றைத் தட்டோடு வீசுகிறது. எதுவானாலும் வழி ஒன்றுதான். முதலில் எழுதுவது, பிறகு ஒன்றே ஒன்றை மாற்றுவது, மறுபடி எண்ணுவது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் வீட்டாருக்காக இதை எழுதினாலும், எந்தக் குறைபாடும் இல்லாத பிள்ளையின் அடத்துக்கும் இது செல்லும்.

ஆத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு வாரம் மூன்று நாள் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பயிற்சிக்கு அழைத்துப் போவது எல்லாராலும் ஆகாது. பஸ் செலவு ஒரு பக்கம், அன்றைய கூலி போவது இன்னொரு பக்கம். அப்படியே போனாலும் நிபுணர் பிள்ளையைப் பார்ப்பது முக்கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் பார்ப்பது நீங்கள். அதனால் இந்த ஆராய்ச்சியை உங்களை விட நன்றாகச் செய்யக்கூடியவர் யாரும் இல்லை. முகஸ்துதிக்குச் சொல்லவில்லை, வேலையைப் பிரித்துக் கொடுக்கிறேன்.

கொஞ்சம் பின்னணி, அதற்கு மேல் தேவையில்லை. செகந்திராபாத்தில் 1984இல் தொடங்கிய தேசிய மனவளர்ச்சிக் குறைபாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த ரீட்டா பெஷாவாரியாவும் எஸ். வெங்கடேசனும் 1992இல் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே ஒரு நடத்தை அளவுகோலைத் தயாரித்தார்கள். பேசிக்-எம்.ஆர். என்று பெயர். அதன் முதல் பகுதி பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று 280 கேள்விகளில் பார்க்கிறது. இரண்டாம் பகுதி அடித்தல், அடம், தன்னைத்தானே காயப்படுத்துதல், பயம் என்று 10 தலைப்புகளில் 75 நடத்தைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ‘இல்லை, எப்போதாவது, அடிக்கடி’ என்று மதிப்பெண் போடச் சொல்கிறது. சிறப்புப் பயிற்றுநர்கள் பலர் இதைப் படித்துத்தான் வந்திருப்பார்கள். உங்கள் நோட்டில் இருக்கப்போவது அவர்கள் பேசும் பாஷைதான்.

## நோட்டைத் திறக்கும் முன் உடம்பைப் பாருங்கள்

பேச வராத பிள்ளைக்குக் காது வலித்தால் தலையைச் சுவரில் முட்டும். மூன்று நாள் மலம் போகாவிட்டால் கண்ணில் பட்டவரைக் கடிக்கும். இதை ‘நடத்தை’ என்று நினைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. புதிதாக வந்த நடத்தையோ, திடீரென்று அதிகமான நடத்தையோ என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. காது, பல், தொண்டை. காதில் சீழ் வாசனை, சொத்தைப் பல், ஒரு பக்கமாகவே மெல்லுவது.
2. வயிறு. மலச்சிக்கல், பூச்சித் தொல்லை, சிறுநீர் கழிக்கும்போது அழுவது.
3. தூக்கம். இரவில் எத்தனை மணி நேரம், எத்தனை முறை விழிப்பு.
4. வலிப்பு. சில நொடி வெறித்துப் பார்ப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, கை லேசாகத் துடிப்பது.
5. கேட்கும் திறனும் பார்வையும். ‘சொன்னதைக் கேட்க மாட்டேங்கிறான்’ என்று சொல்லப்படும் பிள்ளைக்கு உண்மையிலேயே காது கேட்காமல் இருக்கலாம்.
6. புதிதாகத் தொடங்கிய, நிறுத்திய, அளவு மாற்றிய மாத்திரைகள்.

ஏழாவதாக ஒன்று இருக்கிறது, எண் போட்டு எழுதவே மனம் வரவில்லை. குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒடுங்குவது, குளிப்பாட்டும்போது தொட விடாமல் அலறுவது, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, இவை யாரோ பிள்ளையைத் துன்புறுத்துவதன் அடையாளமாக இருக்கலாம். பேச முடியாத பிள்ளைக்கு இந்த ஆபத்து அதிகம். சந்தேகம் வந்தாலே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். ஆதாரம் சேர்ப்பது உங்கள் வேலையல்ல.

## எண்ணும்படியான ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுங்கள்

‘ரொம்பச் சேட்டை’, ‘முரட்டுத்தனம்’, ‘சொல் பேச்சு கேட்பதில்லை’ இவற்றை எண்ண முடியாது. கண்ணால் பார்க்கிற, இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினாலும் ஒரே கணக்கு வருகிற வார்த்தையில் எழுதுங்கள். ‘முரட்டுத்தனம்’ என்பதற்குப் பதிலாக ‘மற்றவர் தலைமுடியைக் கையால் பிடித்து இழுப்பது’.

1. தொந்தரவு தரும் நடத்தைகள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.
2. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தானதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். நட்சத்திரம் இருந்தால் அதுதான் முதலில்.
3. நட்சத்திரம் இல்லையென்றால், பிள்ளையைப் பள்ளிக்கோ வெளியிலோ போக விடாமல் தடுப்பது எதுவோ அது.
4. ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றவை காத்திருக்கட்டும்.

கையை உதறுவது, சுற்றிச் சுற்றி வருவது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப முணுமுணுப்பது போன்றவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சொந்தக்காரர்கள் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது என்பதைத் தவிர அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. பிள்ளை தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி அது. பிடுங்கினால் வேறெதிலாவது வெடிக்கும்.

## மூன்று கட்டம்

பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முன், நடந்தது, பின். ஓரத்தில் கிழமையும் நேரமும். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், எப்போதும் போல நடந்துகொண்டு, எழுத மட்டும் செய்யுங்கள். இந்த ஒரு வாரம்தான் பலருக்கும் கஷ்டம். ‘தப்புன்னு தெரிஞ்சும் சும்மா இருக்கணுமா?’ என்று கேட்பார்கள். ஆமாம், ஆபத்து இல்லாதவரை. பழைய கணக்கு கையில் இல்லாவிட்டால், பிறகு குறைந்ததா கூடியதா என்று சொல்ல வழியே இருக்காது.

ஏழு வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டிசம் உண்டு, இரண்டு மூன்று வார்த்தைதான் பேசுவான். அம்மா, அப்பா, அப்பத்தா, அக்கா உள்ள வீடு. அவன் நோட்டு இப்படி இருக்கலாம்:

திங்கள், காலை 7.40
முன்: டிவியில் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா டிவியை அணைத்தார். அம்மா சீருடையை எடுத்து வந்தார்.
நடந்தது: அம்மாவின் முடியை இழுத்தான்.
பின்: டிவியை மறுபடி போட்டோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டையை மாட்டினோம்.

திங்கள், மாலை 5.10
முன்: அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். அவன் இரண்டு முறை வந்து சேலையை இழுத்தான்.
நடந்தது: முடியை இழுத்தான்.
பின்: போனை வைத்துவிட்டுத் திட்டினார். அழுதான். மடியில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய், காலை 7.15
முன்: அம்மா பல் துலக்கக் கூப்பிட்டார்.
நடந்தது: முடி.
பின்: ‘விடுத்தா, ஒரு நாள் வெளக்காட்டி என்ன’ என்றார் அப்பத்தா. துலக்கவில்லை.

புதன், காலை 7.45
முன்: சீருடை. டிவி ஓடவில்லை.
நடந்தது: முடி, இரண்டு முறை.
பின்: ஆட்டோ வந்து நின்று போய்விட்டது. பள்ளிக்குப் போகவில்லை.

சனி, ஞாயிறு
காலையில் ஒன்றும் இல்லை. ஞாயிறு மாலை பக்கத்து வீட்டுக்காரர் பேச வந்தபோது ஒரு முறை.

கவனியுங்கள், ‘கோபமாக இருந்தான்’, ‘வேண்டுமென்றே செய்தான்’ என்று எங்கும் எழுதவில்லை. அது நம் ஊகம். கேமரா வைத்திருந்தால் எது பதிவாகுமோ அதை மட்டும் எழுதுங்கள். ‘பின்’ கட்டத்தில் நீங்கள் செய்ததையும் மறைக்காமல் எழுதுங்கள், அடித்திருந்தால் அடித்ததையும். கூசி விட்டுவிடும் வரியில்தான் பாதி விடை இருக்கும்.

எழுத நேரமில்லாதவர்களுக்கு: விடியுமுன் பூப்பறிக்கப் போய்விட்டு வந்து அடுப்பையும் பார்ப்பவரிடம் நோட்டு எழுதச் சொல்வது நியாயமில்லை. மூடியுள்ள இரண்டு டப்பா எடுத்து, ஒன்றில் புளியங்கொட்டை போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை நடக்கும்போதும் ஒரு கொட்டையை அடுத்த டப்பாவுக்கு மாற்றுங்கள். இரவில் எண்ணி, அன்றைய தினசரி காலண்டர் தாளின் பின்னால் எழுதி ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். ‘முன்’, ‘பின்’ விவரத்தைப் போனில் குரல் பதிவாகச் சொல்லி வைத்தால் போதும், மூத்த பிள்ளை யாராவது பிறகு எழுதித் தரலாம். டப்பாக்கள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கொட்டை தொண்டையில் சிக்கும்.

## நோட்டைப் படிப்பது

பெரும்பாலான நடத்தைக்குப் பின்னால் இந்த நான்கில் ஒன்று இருக்கும்: என்னைப் பார், இது வேண்டாம், அது வேண்டும், உடம்புக்கு இப்படித்தான் இதமாக இருக்கிறது. ‘பின்’ கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் படியுங்கள். பிள்ளைக்கு என்ன கிடைத்தது, அல்லது எதிலிருந்து தப்பித்தது?

மேலே உள்ள பையனுக்குக் காலையில் நடந்தது பெரும்பாலும் தப்பிப்பு. பல் துலக்க வேண்டியதில்லை, சீருடை இல்லை, ஒரு நாள் பள்ளியே இல்லை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் நடந்தது வேறு: அம்மா வேறொருவரோடு பேசும்போது இழுத்தால் அம்மா திரும்புகிறார். திட்டுதான் கிடைக்கிறது, ஆனால் முகம் அவன் பக்கம் திரும்பிவிட்டதே. ஒரே நடத்தை, இரண்டு காரணம். ஒரு மருந்தில் இரண்டும் தீராது.

ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. அவனுக்குப் பிடிக்காதது டிவி நின்றதா, சட்டையா? திங்கட்கிழமையை மட்டும் பார்த்தால் டிவி என்று முடிவுகட்டியிருப்போம். புதன்கிழமை டிவி ஓடவே இல்லை, அப்போதும் இழுத்திருக்கிறான். சனி ஞாயிறு சீருடை இல்லை, காலையும் அமைதி. ஆகவே சட்டை மேல்தான் சந்தேகம் அதிகம். கழுத்துப் பட்டையில் குத்தும் லேபிளா, கஞ்சி போட்ட துணியா, அவசரப்படுத்துவதா என்று அடுத்து சோதிக்கலாம்.

## மாற்றம்: ஒரு நேரத்தில் ஒன்று

1. முன் கட்டத்தில் தொடங்குங்கள். எளிதான இடம் அதுதான். லேபிளை வெட்டுங்கள். சட்டையைக் கஞ்சி போடாமல் இரண்டு முறை துவைத்து மிருதுவாக்குங்கள். மூன்று பள்ளி நாள் பாருங்கள், எண்ணுங்கள்.

2. குறையவில்லை என்றால் அதை அப்படியே விட்டு, அடுத்ததை மாற்றுங்கள். ‘இந்தப் பாட்டு முடிஞ்சதும் சட்டை’ என்று முன்கூட்டிச் சொல்லி, சட்டைப் படத்தைக் காட்டுங்கள். பாட்டு முடியும்போது நீங்கள் அணைக்காமல் அவன் விரலாலேயே ரிமோட்டை அழுத்த விடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

3. கேட்க ஒரு வழி கற்றுக்கொடுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அமெரிக்காவில் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது இதைத்தான்: முரட்டு நடத்தையால் பிள்ளை எதைக் கேட்கிறதோ அதையே வேறு வழியில் கேட்கக் கற்றுக்கொடுத்தால் நடத்தை குறைகிறது. தப்பிக்க நினைக்கும் பிள்ளைக்கு ‘கொஞ்சம் இரு’ என்று கேட்க ஒரு அட்டை. கவனம் கேட்கும் பிள்ளைக்கு அம்மாவின் தோளைத் தட்டும் சைகை.

   பழைய கல்யாணப் பத்திரிகையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, வெறும் கையை விரித்துக் காட்டும் படம் ஒன்று வரையுங்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது, முடிக்குக் கை போவதற்கு முன்பே, ஒருவர் பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்து அட்டையை எடுத்து உங்களிடம் கொடுக்க வையுங்கள். கொடுத்ததும் அந்த நொடியே ஒரு நிமிடம் விடுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் மதிப்புக் கொடுக்க வேண்டும். ‘சும்மா காட்டுறான்’ என்று தோன்றினாலும். அட்டை வேலை செய்கிறது என்று அவன் நம்பிய பிறகுதான், ‘இன்னும் ஒரு கை மாட்டிட்டு விடுறேன்’ என்று மெல்ல நீட்டலாம்.

4. பின் கட்டத்தைத் திருப்புங்கள். முடியை இழுத்தால் இனி சட்டை போடுவது நிற்காது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், பேசாமல், அட்டையைக் கொடுக்க வைத்து, அதன் பிறகு இடைவெளி. அட்டைக்குத்தான் பலன், இழுத்ததற்கு இல்லை.

5. நல்லதைப் பார்த்ததும் கொடுங்கள். பரிசு அவனுக்குப் பிடித்ததாக இருக்கட்டும், உங்களுக்குப் பிடித்ததாக வேண்டாம். ஒருவனுக்கு முறுக்குத் துண்டு, இன்னொருத்திக்குத் தூக்கிச் சுற்றுவது, வேறொருவனுக்கு மோட்டார் ஓடும் சத்தம். நகம் அளவுத் துண்டு போதும். அழுகையை நிறுத்துவதற்காக நீட்டினால் அது லஞ்சம், அழாமல் முடித்த பிறகு கொடுத்தால் பரிசு. பொருள் ஒன்றுதான், நேரம்தான் வித்தியாசம். பரிசுக்காகப் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது.

6. மறுபடி ஒரு வாரம் எண்ணுங்கள். வாரத்துக்கு 14 முறை நடந்தது 9 ஆனால் அது வெற்றிதான். பூஜ்யத்துக்காகக் காத்திருந்தால் முறையையே கைவிட்டுவிடுவீர்கள்.

### கூடிவிட்டு அப்புறம் குறையும்

நான்காவது படியைத் தொடங்கிய முதல் சில நாளில் நடத்தை கூடும். வழக்கமாகப் பலன் தந்த வழி திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். ஊதினால் வராத பீப்பியை நாமும் ஓங்கி ஊதிப் பார்ப்போமே, அது போல. பெரும்பாலான வீடுகளில் முறை தோற்பது இந்த மூன்றாம் நாள், நான்காம் நாளில்தான். அலறல் உச்சத்துக்குப் போகும்போது யாராவது ஒருவர் மனம் இளகி விட்டுக்கொடுத்தால், ‘இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும்’ என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அதற்குத் தொடங்காமலே இருந்திருக்கலாம்.

அப்பத்தாவோ அம்மாச்சியோ வீட்டில் இருந்தால் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். ‘அத்தை, மூணு நாளைக்கு ரொம்பக் கத்துவான். நீங்க அந்த நேரம் அட்டையை மட்டும் அவன் கையில கொடுங்க, வேற எதுவும் சொல்ல வேணாம்’ என்று அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஒதுக்கி வைத்தால் பின்வாசல் வழியாக மிட்டாய் போய்ச் சேரும். அக்கம்பக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை. ஊர்த் திருவிழா, வீட்டு விசேஷம், பள்ளித் தேர்வு இருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள்.

பேசாமல் இருப்பது என்னும் வழி, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் பொருந்தாது. தலையை முட்டுவது, கண்ணைக் குத்துவது, கையைக் கடித்து ரத்தம் வருவது என்றால் நான்காவது படியை நீங்களாகத் தொடங்க வேண்டாம். நோட்டோடு நிபுணரிடம் போங்கள்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- அடித்துவிட்டு, பாவப்பட்டு, உடனே போனைக் கையில் கொடுப்பது. அடியையும் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறது, போனும் கிடைக்கிறது.
- நடந்து முடிந்த பிறகு அரை மணி நேரம் அறிவுரை. கவனம் கேட்ட பிள்ளைக்கு அதுவே விருந்து.
- நல்லபடியாக இருந்த நாளை எழுதாமல் விடுவது. அமைதியான நாளின் ‘முன்’ கட்டத்தில் என்ன இருந்தது என்பதும் விடைதான்.
- பள்ளிக்குச் சொல்லாமல் வீட்டில் மட்டும் மாற்றுவது. அட்டையின் நகல் ஒன்று ஆசிரியரிடம் இருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ‘நல்லா நாலு சாத்துங்க சார்’ என்று நீங்களே அனுமதி கொடுக்காதீர்கள்.
- பதினைந்து நாளில் மூன்று முறை முறையை மாற்றுவது.

## பாதுகாப்பு

தண்ணீர். வீட்டை விட்டு நழுவிப் போகும் பழக்கமுள்ள பிள்ளை என்றால் இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இப்படிப் போய் இறந்த சம்பவங்களில் நீரில் மூழ்குவதே பெரிய காரணம் என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. நம் பக்கம் காமராஜர் அணை, வாய்க்கால், கண்மாய், தோட்டத்துக்குத் தோட்டம் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள நீர்நிலைகளை ஒரு தாளில் வரையுங்கள். காணவில்லை என்றால் யார் எந்தக் கிணற்றுக்கு முதலில் ஓடுவது என்று இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். முதல் தேடல் தண்ணீர்ப் பக்கம், அப்புறம்தான் தெரு. கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள், கொலுசிலோ சட்டையின் உள்பக்கமோ ஒரு போன் எண். ஆனால் ஆளில்லாமல் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

கட்டி வைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் வெந்து 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. வீட்டுத் திண்ணைத் தூணுக்கும் சேலைக் கயிற்றுக்கும் அதே ஆபத்து உண்டு. வேலைக்குப் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் கட்டி வைப்பதற்கு உண்மையான காரணம். அதைக் கீழே சொல்லும் அலுவலகங்களில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பகல்நேர மையம் எங்கே என்று கேளுங்கள்.

முடியைப் பிடித்துவிட்டால் தலையைப் பின்னால் இழுக்காதீர்கள். அவன் கையை உங்கள் உள்ளங்கையால் தலையோடு சேர்த்து அழுத்தி, அவன் பக்கமாகவே நகருங்கள். பிடி தளரும். கடித்துவிட்டால் கையை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும், வாய்ப் பக்கமாகவே மெல்லத் தள்ளுங்கள். மூக்கைப் பொத்தக் கூடாது. தலையை முட்டினால் மடித்த பழைய சேலையைச் சுவருக்கும் தலைக்கும் நடுவில் வையுங்கள், ஒரு வார்த்தையும் பேசாமல்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, நேரம் பாருங்கள். வாயில் எதுவும் வைக்காதீர்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மிளகாய்ப் பொடி, மிளகாய்ப் புகை, சூடு வைப்பது, வேப்பிலையால் அடிப்பது எதுவும் வேண்டாம். கோவிலுக்குப் போங்கள், குலசாமிக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஸ்டெம்செல் ஊசி போட்டால் ஆட்டிசம் போய்விடும் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் நகையை அடகு வைத்துப் போகாதீர்கள். அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல.

## நோட்டோடு யாரிடம் போவது

1. அங்கன்வாடி, பள்ளி. ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற திட்டம் 2013 முதல் நடக்கிறது, ஆர்.பி.எஸ்.கே. என்றால் செவிலியருக்குத் தெரியும். அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறப்பு முதல் 18 வயது வரை பார்ப்பார்கள். அடுத்து எப்போது வருவார்கள் என்று கேட்டு வையுங்கள்.
2. வட்டார வள மையம். சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர் இருவரும் இதன் வழியாகத்தான் வருவார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிப் பயிற்சியும் உண்டு. மூன்று கட்ட நோட்டை முதலில் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள்.
3. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழந்தைகள் பிரிவில் சீட்டு வாங்கி, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். மாற்றுத்திறன் சான்றிதழுக்கான மருத்துவக் குழு எந்தக் கிழமை உட்காரும் என்று விசாரித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.
4. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை, பகல்நேர மையம், சிறப்புப் பள்ளி எல்லாவற்றுக்கும் இங்கேதான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான மாநிலப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அரசின் விழுதுகள் சேவை மையம் உங்களுக்குப் பக்கத்தில் எங்கே என்றும் கேளுங்கள். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளையின் புகைப்படம், பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாம் அசலும் இரண்டு நகலும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, ஆட்டிசமும் அதில் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. ‘இங்க சேர்க்க முடியாதும்மா’ என்று அரசுப் பள்ளியில் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். தனியார் பயிற்சியாளர் யாரிடம் போனாலும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான நிபுணர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற உங்களுக்கே தூக்கம் போய், பிள்ளையை ஓங்கி அடித்துவிடுவோமோ என்று பயம் வந்தால் பிள்ளையைப் பாதுகாப்பான ஒருவரிடம் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மருத்துவரைப் பார்க்கும்போது பிள்ளையின் தூக்கத்தோடு உங்கள் தூக்கத்தையும் சொல்லுங்கள்.

### மருத்துவர் முன் ஐந்து நிமிடம்

‘ரொம்பக் கஷ்டப்படுத்துறான் டாக்டர்’ என்று தொடங்கினால் ஐந்து நிமிடமும் அதிலேயே போய்விடும். இந்த வரிசையில் சொல்லுங்கள்: என்ன நடத்தை, வாரத்துக்கு எத்தனை முறை, பெரும்பாலும் எப்போது, அதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது, இதுவரை எதை மாற்றிப் பார்த்தீர்கள், கணக்கு என்ன ஆனது. நடத்தையின் முப்பது நொடி வீடியோ போனில் இருந்தால் காட்டுங்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், பிள்ளை வளர்ந்த பிறகும் அது சுற்றிக்கொண்டிருக்கும்.

மருத்துவர் நடத்தைக்காக மாத்திரை எழுதினால் மூன்று கேள்வி: எந்த நடத்தைக்கு, எத்தனை வாரத்தில் தெரியும், என்ன பக்கவிளைவு வந்தால் உடனே வர வேண்டும். மாத்திரை தொடங்கும் நாளில் நோட்டில் குறுக்கே ஒரு கோடு இழுத்துத் தேதி போடுங்கள். கோட்டுக்கு முன் இரண்டு வாரக் கணக்கு, கோட்டுக்குப் பின் வாராவாரம் கணக்கு, கூடவே தூக்கமும் எடையும். அடுத்த முறை போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து மேசை மேல் வையுங்கள்.